நீலாவணைக்கு வாங்கிய அச்சாரம்

கல்முனைக்குடி,
2009 செப்டெம்பர் 9,
றமழான் பிறை 18.

மதிப்பும் அன்பும் மிக்க அழகரெத்தினம் மாஸ்டர் அவர்களுக்கு,

பதியுதீன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் காவலில் நானும் வீட்டாரும் குறைவின்றி இருக்கிறோம். தாங்களும் செல்லத்தங்கம் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘நம்புகிறேன்’ என்று எழுத நேர்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பாண்டிருப்புக்கு என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்தான். நாற்பத்தொரு வருடமாக நேரில் வந்து சுகம் கேட்டவன் இன்று ஐந்து ரூபா முத்திரை ஒட்டிக் கேட்கிறேன். கடந்த பத்து நாட்களில் மூன்று தடவை புறப்பட்டேன். ஒருமுறை பஸ் நிலையம் வரை வந்து, டயரில் காற்றுக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். டயரில் காற்று இருந்தது.

விசயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் எனக்குத் தைரியம் மிஞ்சாது. நாம் இருவரும் சேர்ந்து இன்டர்நெட்டில் பதிந்து வைத்திருக்கும் ஏழு பெயர்களில், நீலாவணை டொட் கொம் என்பதை விற்பதற்கு நான் அச்சாரம் வாங்கிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை அது கைமாற வேண்டும். இது தங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பிறை ஏழன்று சுஹறா வழக்கம்போல் உங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். மறுநாள் மகள் றம்ஸியா கடைத்தெருவால் வரும் வழியில் வாளியை வாங்கி வந்தாள். கழுவி, துடைத்து, மூடி இறுக்கி, வெறுமையாக. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பது உங்கள் வீட்டு வழக்கம், எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். முருங்கைக்காய் வந்திருக்கிறது, மாம்பழம் வந்திருக்கிறது. கடைகளில் ஒன்றும் கிடைக்காத காலத்தில் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை வந்தது. முப்பது வருடத்தில் கஞ்சி வாளி வெறுமையாக வந்தது இதுதான் முதல் தடவை. சுஹறா மூடியைத் திறந்து பார்த்தாள். கவிழ்த்தும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “என்ன செஞ்சீங்க?” என்றாள்.

இனி வருவது தங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முப்பத்துநாலு வருடம் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். ஒரு காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுவதென்றால் அதற்கு முந்திய உறுதிகளையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் காணிக்கு வர முடியும். அந்தப் பழக்கத்தைப் பொறுத்தருளவும்.

சுனாமி அன்று எங்கள் வீடு போனது. என் உடன்பிறந்த சபூறா ராத்தா போனா. பெரியநீலாவணையில் உங்கள் தங்கை கேதீஸ்வரி போனா. நாங்கள் எட்டுப் பேர் நாலு மாதம் உங்கள் வீட்டில் இருந்தோம். நாங்கள் தொழுவதற்காக மதில் பக்கத்து அறையை ஒழித்துத் தந்தீர்கள். அங்கிருந்த சாமிப் படத்தைத் தாங்களே கழற்றி அடுத்த அறையில் மாட்டிவிட்டு, “சாமிக்கும் ஒரு இடமாற்றம் கிடைக்கட்டும் காக்கா, கனகாலம் ஒரே ஸ்டேசன்ல இருந்திட்டார்” என்று வழக்கம்போல் என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னீர்கள். அந்த நாட்களில் நிவாரணப் படிவங்கள் நிரப்ப நாம் தினமும் ஜவுபருடைய கொமினிக்கேசன் கடைக்குப் போவோம். அங்கே ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இன்டர்நெட் பக்கத்தில் பெரியநீலாவணை ஏதோ மலையடிவாரத்தில் இருப்பதாகப் படம் போட்டிருந்தது. தாங்கள் அதை வெகுநேரம் பார்த்தீர்கள். “எங்கட ஊர்ப் பேரெல்லாம் இதுக்குள்ள ஆர்ட கையில கிடக்கு?” என்று ஜவுபரிடம் கேட்டீர்கள். “ஒருத்தர்ட கையிலயும் இல்ல மாஸ்டர். ஆரு முதல்ல பதியிறாங்களோ அவங்களுக்கு. அந்தப் பேரை அடிச்சா அவங்க வெச்ச பக்கம்தான் திறக்கும். புறகு வேற ஆளுக்கு வேணுமெண்டா அவங்கட்டத்தான் விலை கதைக்கணும்” என்றார் ஜவுபர். பதியாத காணி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறும். ஊர்ப் பெயர்களே பதியாமல் கிடக்கின்றன என்றபோது எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. வடக்கிலிருந்து தெற்காக ஒழுங்குபடி ஏழு பெயர்களைத் தெரிந்தெடுத்தோம். பெரியநீலாவணை இங்கிலீசில் நீண்டுபோனதால், ஜவுபரின் யோசனைப்படி முன்பாதியைக் குறைத்து நீலாவணை என்று மட்டும் பதிந்தோம்.

ஒரு பெயருக்கு ஒரு உரிமையாளர்தான் என்றார் ஜவுபர். உங்கள் பெயரைப் போடும்படி நான் சொன்னேன். தாங்கள் கேட்கவில்லை. “நீங்கதான் ரெஜிஸ்ட்ரி ஆள். எல்லாம் காக்காட பேர்ல போடு ஜவுபர்” என்றீர்கள். நம் இருவருக்கும் இடையில் ஒரு துண்டுக் கடதாசி எழுதலாமா என்று கேட்க வாயெடுத்தேன். உடனே தொண்ணூறாம் ஆண்டு ஞாபகம் வந்தது. அந்த வருடத்துக் கலவரத்தால் தங்களால் சம்மாந்துறைப் பக்கத்து வயலுக்குப் போக முடியாமல் போனது. பதினொரு போகம் நான் என் பெயரில் அதைச் செய்து, ஒவ்வொரு போகத்து விளைவையும் ஏதோ ஒரு வழியில் உங்கள் வீட்டுக்குச் சேர்த்தேன். கடைசியில் வயலைத் திருப்பித் தந்தபோது கணக்குப் புத்தகத்தையும் தந்தேன். தாங்கள் அதைத் திறக்காமல், ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தீர்கள். அப்படிப்பட்டவரிடம் கடதாசி கேட்பது எப்படி? கேட்கவில்லை. எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். அல்லது வேறு எங்காவது தொடங்கியிருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை.

வியாபாரம் என்று பார்த்தால், நாம் அதைச் செய்ததாகவே சொல்ல முடியாது. “தெரிஞ்சவனுக்குக் காசுக்கு விக்கப்படாது. தெரியாதவனை நம்பி விக்கப்படாது” என்பது தங்கள் கொள்கை. “அப்ப ஆருக்குத்தான் மாஸ்டர் விக்கிற?” என்று ஜவுபர் கேட்டார். “அதைத்தான் யோசிக்கிறம்” என்றீர்கள். நாலரை வருடம் யோசித்தோம். இடையில் ஒரேயொரு விற்பனை நடந்தது. வரிப்பத்தான்சேனையில் பெரிய வயற்காரரான மீராமுகைதீன் போடியார் தன் ஊர்ப் பெயர் தனக்கு வேண்டுமென்று வந்தார். ஜவுபர் கொம்பியூட்டரில் காட்டினார். போடியார் எழும்பி, பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எல்லைக்கல்லு எங்க?” என்று கேட்டார். தெரிந்தவர் என்பதால் காசு வேண்டாம் என்றோம். அவர் மனம் கேளாமல் ஒரு மூடை நாட்டரிசி இறக்கிவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். “காக்கா, ஒரு போகம் முடிஞ்சிது. ஒரு குருவிகூட வந்து இருக்கல்ல. என்ன நிலம் இது?” என்றார். பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டு அரிசியையும் திருப்பிக் கொடுத்தோம். அவருடைய அரிசியை நாம் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டதால் கடையில் வாங்கித்தான் கொடுத்தோம். அவரிடம் வாங்கியது நாட்டரிசி, கொடுத்தது விலை கூடின சம்பா. சைக்கிளில் திரும்பி வரும்போது தாங்கள் சிரித்துச் சிரித்துக் கீழே இறங்கிவிட்டீர்கள். சுனாமிக்குப் பிறகு தாங்கள் அப்படிச் சிரித்ததை நான் கண்டது அன்றுதான். அந்த வியாபாரத்தில் நமக்கு வந்த லாபம் அது.

இந்த மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு கொழும்பு வாகனங்கள் கடற்கரைப் பக்கம் வரத் தொடங்கின. ஆகஸ்ட் முதல் கிழமை, தாங்கள் கண் காட்ட மட்டக்களப்புக்குப் போயிருந்த அன்று, றாஸிக் என்றொரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். கரையோரம் ஹோட்டல் கட்டப்போகிறார்களாம், நீலாவணை என்ற பெயர் வேண்டுமாம். கடையில் விசாரித்தபோது நானே உரிமையாளன் என்று ஜவுபர் சொல்லி அனுப்பினாராம். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சோடி சேர்த்து, சுவரோடு நேராக வைத்தார். சப்பாத்தை அப்படி வைக்கிறவனை என்னால் சந்தேகிக்க முடியாது, மாஸ்டர். ஸலாம் சொன்னார். என் முழங்கால் வலியை விசாரித்தார். என்னை ஹாஜியார் என்று கூப்பிட்டார். நான் ஹஜ் செய்யாதவன். முதல் தடவையே திருத்தியிருக்க வேண்டும். ஐந்தாறு தடவை ஆன பிறகு திருத்தினால் அவருக்கு வெட்கமாகப் போகும் என்று விட்டுவிட்டேன். தெரியாதவனை நம்பி விற்கக் கூடாது என்ற கொள்கை என் நினைவில் இருந்தது. ஆனால் தேத்தண்ணி முடியும்போது அவர் தெரிந்தவராகிவிட்டார். போகும்போது கோப்பைத் தட்டுக்கு அடியில் ஒரு கடித உறை இருந்தது. “அச்சாரம் ஹாஜியார், சும்மா ஒரு வாக்குக்கு” என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் எழும்பினேன். எழும்பி, வாசல் வரை போய், கேற்றைத் திறந்துவிட்டேன்.

அந்தக் காசில் தங்கள் கண்ணுக்கு வில்லை போடலாம் என்பது என் எண்ணம். தங்களுக்குத் தெரியாமல் தங்கள் பங்கைத் தங்களுக்கே செலவு செய்யத் திட்டமிட்டேன். எழுதிப் பார்க்கும்போதுதான் அதிலுள்ள மடைத்தனம் தெரிகிறது. அதுவும் முழு உண்மையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நாலரை வருடத்தில் முதன்முதலாக ஒருவர் நம் சரக்கை விலை கேட்டது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் உங்களிடம் வந்தேன். தாங்கள் முற்றத்தில் சைக்கிள் மணியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். “மாஸ்டர், நீலாவணைக்கு ஆள் வந்திருக்கு. குடுப்பமா?” என்று கேட்டேன். தாங்கள் மணியைப் பார்த்தபடி, “உங்கட பேர்ல கிடக்கு காக்கா. உங்கட விருப்பம்” என்றீர்கள். மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தீர்கள். நன்றாகத்தான் அடித்தது. நான் வந்துவிட்டேன். இதுவரை யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: அப்படிக் கேட்டபோது அச்சாரக் காசு என் சட்டைப் பைக்குள் இருந்தது. வாங்கிவிட்டுத்தான் கேட்டேன்.

வாளி வந்த அன்று சுஹறாவிடம் இவ்வளவையும் சொன்னேன், சட்டைப் பையைத் தவிர. அவள் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். “உங்கட விருப்பம் எண்டா சொன்னார்? அப்ப அந்த மனுசனுக்கு விருப்பமில்ல. நாப்பது வருசம் பழகி இது விளங்கல்லயா? நீங்க உறுதிதான் வாசிப்பீங்க, ஆளை வாசிக்கத் தெரியாது.” பிறகு கேட்டாள்: “அவர் அந்தப் பேர்ல என்னதான் வெச்சிருக்கார்? போய்ப் பாத்தீங்களா?” நான் பார்த்ததில்லை. “ஒரு சின்ன வேலை செய்திருக்கிறன் காக்கா, ஒரு நாளைக்கு வந்து பாருங்க” என்று தாங்கள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் என் கை நடுங்கும். எதையாவது அமத்தி எதையாவது அழித்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் முழங்காலைச் சாட்டினேன். அந்தப் பெயர் தரிசாகக் கிடக்கிறது என்றே எண்ணியிருந்தேன்.

நேற்று முன்தினம்தான் போனேன். ஜவுபர் திறந்து காட்டினார். படம் இல்லை, பூ இல்லை. வெள்ளைப் பக்கத்தில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரி. ‘கேதீஸ்வரி, பெரியநீலாவணை. இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவர்.’ ‘நிரோசன், ஒன்பது வயது. கடல் உள்ளே போனதைப் பார்க்க முதலில் ஓடியவர்.’ பெரியநீலாவணை ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்து வாசித்துக்கொண்டு போனேன். கீழே இருந்தது: ‘சபூறா, கல்முனைக்குடி. கோழிக்கூட்டைத் திறந்துவிடத் திரும்பிப் போனவர்.’ இதைத் தங்களுக்கு எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். அந்த நாலு மாதத்தில் ஒருநாள் சொல்லியிருப்பேன். சொன்ன நான் மறந்துவிட்டேன், கேட்ட தாங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். “மாஸ்டர் எழுத்தைத் தேங்காயளவு பெரிசாக்கி வெச்சி ஒவ்வொண்டா அடிச்சவர். நாப்பத்திமூணு வீட்டுக்குப் போய்க் கேட்டிட்டு வந்தவர்” என்றார் ஜவுபர். “நீங்க விக்கிறீங்க எண்டவுடன் மாஸ்டருக்கும் தெரியும்தானே எண்டு நினைச்சன் காக்கா.” நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்தும் சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் றாஸிக் தம்பிக்குப் போன் எடுத்தேன், அச்சாரத்தைத் திருப்பித் தருகிறேன், வழக்கப்படி இரட்டிப்பாகவே தருகிறேன் என்று சொல்வதற்கு. “வாக்குக் குடுத்தாச்சே ஹாஜியார், நோன்பு நேரம்” என்றார் அவர். “அதில ஏதோ பேர்கள் இருக்காம், அதை வேற பேருக்கு மாத்தி வைக்கலாம், எங்கட ஆக்களே செய்து தருவாங்க. உங்கட்ட வரிப்பத்தான்சேனை சும்மாதானே கிடக்கு?” கடலையே காணாத வயற்காட்டு ஊரின் பெயருக்குக் கீழே, கடல் கொண்டுபோனவர்களைக் குடியேற்றுவதா? இதைத்தான் கேட்க நினைத்தேன். “ஓம் தம்பி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இதுதான் என் நிலைமை. விற்றால் தங்கள் முகத்தில் விழிக்க முடியாது. விற்காவிட்டால் நோன்பு வாயால் இரண்டாம் தடவையும் ‘ஓம்’ சொன்ன வாக்கு போய்விடும். எழுபது வயதாகப் போகிறது, ‘மாட்டேன்’ என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகமில்லை. தங்களுக்கு அது வரும். ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு சொல் சொல்லியனுப்ப வேண்டும். ஏசினாலும் சரி. ‘உங்கட விருப்பம்’ என்பதைத் தவிர எந்தச் சொல்லானாலும் சரி. அதை என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பியிடம் கதைத்துப் பார்க்கிறேன். சட்டைப் பைக் காசோடு தங்கள் முற்றத்தில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க முடியாவிட்டால் அதையும் அறியத் தரவும்.

தங்கச்சிக்கு சுஹறாவின் அன்பு. தங்கள் கண்ணுக்கும் வீட்டுக்கும் ஆண்டவன் வெளிச்சம் தர வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நான் கேட்பதை அவன் எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறான் என்று தெரியவில்லை. ஆனாலும் விடாமல் கேட்கிறேன்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
ஆ. மு. பதியுதீன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கடிதத்தை ஒட்டித் தபாற்கந்தோருக்குப் போகிற வழியில் ஜவுபர் கைகாட்டி மறித்தார். பெயரை மாற்றுவதற்கு உரிமையாளரின் சம்மதம் கேட்டுப் போன இமெயில் எனக்கு வந்ததா என்று றாஸிக் தம்பியின் ஆட்கள் கொழும்பிலிருந்து விசாரித்தார்களாம். எனக்கு இமெயிலே இல்லை என்றேன். ஜவுபர் பதிவைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “காக்கா, இது உங்கட பேர்லயே இல்ல.” நாலரை வருடத்துக்கு முன் படிவம் நிரப்பியபோது அது இமெயில் கேட்டிருக்கிறது. அன்றைக்கு இமெயில் இருந்தது தங்களுக்கு மட்டும்தான். அதைப் போட்ட ஜவுபர், பெயரையும் விலாசத்தையும் அதனோடு சேர்த்துத் தங்களுடையதாகவே போட்டுவிட்டு, அதை மறந்தும் போய்விட்டார். ஏழு பெயர்களும் அழகரெத்தினம், பாண்டிருப்பு. முப்பத்துநாலு வருடம் ஊரார் காணிக்கெல்லாம் பதிவு தேடிக் கொடுத்தவன், என் காணி என்று நினைத்ததற்கு ஒருநாளும் பதிவேட்டைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் வெளிவந்தது. வருடாவருடம் கட்டணத்தை நான் தனியே கட்டினேன், தங்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன். தாங்களும் தனியே கட்டி, என்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறீர்கள். இரண்டையும் வாங்கிய ஜவுபர் இரண்டிரண்டு வருடமாகக் கட்டி வந்திருக்கிறார். 2015 வரை அவை நம்மை விட்டுப் போகமாட்டா.

உரித்தில்லாதவன் வாங்கிய அச்சாரம் அச்சாரமே அல்ல, உரித்தில்லாதவன் கொடுத்த வாக்கில் காணி நகராது. இதை நான் சட்டம் தெரிந்தவன் என்ற முறையில் அங்கேயே றாஸிக் தம்பிக்குப் போனில் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நான் ஹாஜியார் இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். காசு இன்று பின்னேரமே திரும்பிப் போகிறது.

ஆனால் அந்தச் சம்மதம் கேட்ட கடிதம் இப்போது தங்கள் இமெயிலுக்குள் காத்துக் கிடக்கிறது. ‘ஓம்’ என்று ஒரு இடம், ‘இல்லை’ என்று ஒரு இடம், ஏதாவதொன்றை அமத்த வேண்டுமாம். தங்கள் பேரில் கிடக்கிறது, தங்கள் விருப்பம் என்று எழுதிவிட்டுத் தப்பிக்கத்தான் பேனை போனது. எழுதமாட்டேன். என் விருப்பம் என்று தாங்கள் அன்றைக்கு விட்டீர்கள், அதை இப்போது சொல்கிறேன்: இல்லை. தங்களுக்குக் கண் தெரியாது, எனக்குக் கை நடுங்கும். இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால் ஒரு ‘இல்லை’யை அமத்திவிடலாம்.

முத்திரைக் காசு வீண்தான். கடிதத்தை நானே கொண்டுவருகிறேன், கஞ்சி வாளியையும். டயரில் காற்று இருக்கிறது. வாளியைத் திருப்பித் தரும்போது போட ஒன்றும் அகப்படாவிட்டால் இந்தக் கடிதத்தையே மடித்துப் போடுங்கள். வெறுமையாக வந்தது என்று சுஹறாவும் சொல்லமாட்டாள், நானும் சொல்லமாட்டேன்.